லாவோ மொழி இணையம்: எழுத்து வந்துவிட்டது, தளங்கள் ஏன் வரவில்லை?

சில வருடங்களுக்கு முன் ஒரு மொழிபெயர்ப்பு வேலையில் லாவோஸ் நாட்டின் லாவோ மொழிக் கோப்பு ஒன்று என் கைக்கு வந்தது. எனக்கு லாவோ பேச வராது. எழுத்துருக் குறியாக்கத்தை மாற்றிக் கொடுக்கிற வேலைதான் தெரியும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழை, எல்லா மொழிக்கும் பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்குக் கொண்டுவந்தே பழகிய கை. பிடிஎஃப்பைத் திறந்தால் வட்ட வட்டமாக அழகான எழுத்துகள். ஒரு பத்தியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்து, அடைப்புக்குறி, டாலர் குறி எல்லாம் கலந்த குப்பை. பார்த்த உடனே புரிந்துவிட்டது: நம் வீட்டில் வந்துபோன அதே காய்ச்சல்.

ஒருவழியாக எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினேன். சரிபார்க்க எளிய வழி, அடிக்கடி வரும் ஒரு சொல்லைத் தேடிப் பார்ப்பது. லாவோவில் ‘மற்றும்’ என்ற பொருளில் ‘லெ’ என்றொரு சொல் உண்டு. அது வராத பக்கமே இருக்காது. தேடினேன். பாதி அகப்பட்டது, மீதி அகப்படவில்லை. அகப்படாத ‘லெ’க்கள் அங்கேயேதான் இருந்தன, கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தன. கணினிக்குத்தான் தெரியவில்லை.

காரணம் தமிழருக்குச் சட்டென்று விளங்கும். நம் கொம்பு மாதிரி லாவோவிலும் சில உயிர்க்குறிகள் மெய்யெழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும். ‘ஏ’ ஒலிக்கு ஒரு கொம்பு. வாயை இன்னும் அகலத் திறந்து சொல்கிற ஒலிக்கு இரட்டைக் கொம்பு. இந்த இரட்டைக் கொம்புக்கு யூனிகோடில் தனி இடம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோப்பைத் தட்டச்சு செய்தவர்களில் ஒருவர் ஒற்றைக் கொம்பையே இரண்டு தடவை தட்டியிருந்தார். திரையிலும் அச்சிலும் ஒரு வித்தியாசமும் தெரியாது. தேடுபொறிக்கு மட்டும் இரண்டும் வேறு வேறு சொல். தமிழில் ‘கொ’வின் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டினாலும் ஒன்றாகத் தட்டினாலும் இரண்டும் சமம் என்று யூனிகோடு விதியிலேயே எழுதியிருக்கிறது. லாவோவின் இரட்டைக் கொம்புக்கு அப்படி ஒரு விதி இல்லை.

அந்த ஒரு சொல்லைத் துரத்திக்கொண்டு போனதில்தான் லாவோ இணையத்தின் முழுக் கதையும் என்னைப் பிடித்துக்கொண்டது. எழுத்துப் பிரச்சினை தீர்ந்துவிட்டால் உள்ளடக்கம் தானாகப் பெருகும் என்று தமிழ்க் கணிமைப் பக்கம் நாங்கள் பலரும் நம்பியவர்கள். லாவோவில் எழுத்துப் பிரச்சினை ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. மக்கள் நாள் முழுக்க எழுதவும் செய்கிறார்கள். ஆனாலும் லாவோ வலைத்தளங்களை எண்ணத் தொடங்கினால் சீக்கிரமே முடிந்துவிடுகிறது. இது ஏன் இப்படி ஆனது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன்.

ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பெரிய மொழி

2015 கணக்கெடுப்பின்படி லாவோஸின் மக்கள்தொகை சுமார் 65 லட்சம். சென்னை மாநகரைச் சுற்றியுள்ள ஊர்களோடு சேர்த்தால் அதைவிட அதிகம் வரும். அந்த 65 லட்சத்திலும் லாவோ இனத்தவர் பாதிக்குச் சற்றே மேல். கம்மு, ஹ்மாங் போன்ற மற்ற மக்களுக்கு லாவோ பள்ளியில் வந்து சேர்கிற மொழி. ஆக, எழுதப்படிக்கத் தெரிந்த லாவோ வாசகர் கூட்டம் தொடக்கத்திலிருந்தே சிறியது.

ஆனால் லாவோவுக்கு மிக நெருங்கிய பேச்சைப் பேசுகிறவர்கள் லாவோஸைவிட வெளியில்தான் அதிகம். மேக்கொங் ஆற்றின் அக்கரையில் தாய்லாந்தின் வடகிழக்கு மாகாணங்களுக்கு ஈசான் என்று பெயர். நம் ஈசானிய மூலையில் இருக்கிற அதே சொல்தான், திசையும் அதேதான். அங்கே இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோரின் வீட்டுப் பேச்சு லாவோவின் உறவு. ஒரு காலத்தில் அவர்களுக்கும் தாய் நொய் என்ற எழுத்து இருந்தது. இன்றைய லாவோ எழுத்துக்கு அது உடன்பிறப்பு. பாங்காக்கின் பள்ளிக் கல்வி பரவியதில் அது வழக்கொழிந்தது. இன்று ஈசான் மக்கள் எதை எழுதினாலும் தாய்லாந்து எழுத்தில்தான் எழுதுகிறார்கள். லாவோ எழுத்தில் ஒரு பக்கத்தை நீட்டினால் அவர்களில் பலருக்குப் படிக்க வராது.

இக்கரையில் நிலைமை தலைகீழ். தலைநகர் வியஞ்சானில் வளரும் பிள்ளை தாய்லாந்துத் தொலைக்காட்சியைப் பார்த்தே தாய்லாந்து மொழியைப் பிடித்துக்கொள்கிறது. எழுத்தும் ஒன்றுக்கொன்று நெருக்கம் என்பதால் அதைப் படிக்கவும் சீக்கிரம் பழகிவிடுகிறது. கைப்பேசி பழுதா, காய்ச்சலுக்கு மருந்தா, சமையல் குறிப்பா, எதைத் தேடினாலும் தாய்லாந்து மொழியில் நூறு பக்கம் கிடைக்கும். லாவோவில் ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம்.

என் பார்வையில் லாவோ இணையத்தைப் புரிந்துகொள்ள எழுத்துருவைவிட முக்கியமான விஷயம் இதுதான். தமிழில் ஒரு தகவல் இல்லையென்றால் தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு அது இல்லவே இல்லை. அந்தக் குறை உறுத்தும். யாராவது உட்கார்ந்து எழுதுவார்கள். லாவோவில் அந்த உறுத்தல் வருவதற்கு முன்பே தாய்லாந்துப் பக்கம் ஒன்று வந்து குறையைத் தீர்த்துவிடுகிறது. வாசகர் இருக்கிறார், அவருக்குப் பசியும் இருக்கிறது. பக்கத்து வீட்டில் சாப்பாடு தயாராக இருப்பதால் சொந்த அடுப்பு பற்றவைக்கப்படுவதில்லை.

எழுத்துருக் காலம்

யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991-இல், லாவோவுக்கு இடம் ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் இடம் கிடைப்பது வேறு, குடியேறுவது வேறு. விண்டோஸில் தமிழ் 2000-ஆவது ஆண்டுப் பதிப்போடு வந்தது. லாவோ எழுத்துருவும் விசைப்பலகையும் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது 2007-இல் வெளியான விஸ்டாவில். அந்த எழுத்துருவின் பெயர் தொக்சம்பா. லாவோஸின் தேசியப் பூ. ‘சம்பா’ நம் செண்பகத்தின் உறவுச் சொல்தான், ஆனால் லாவோஸில் அந்தப் பெயரைத் தாங்குகிற பூ நாம் ஈழத்தலரி என்று சொல்வது.

இடைப்பட்ட பதினாறு வருடம் ஆலிஸ், சைசெத்தா போன்ற எழுத்துருக்களின் காலம். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் லாவோ வடிவங்களை உட்காரவைத்த எழுத்துருக்கள் அலுவலகம்தோறும் புழங்கின. ஒரே எழுத்துருவின் வெவ்வேறு பதிப்புகளுக்குள்ளேயே ஒத்துப்போகாத இடங்கள் உண்டு. தளம் நடத்தியவர்கள் ‘முதலில் இந்த எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள்’ என்று முகப்பில் எழுதிவைக்க வேண்டியிருந்தது. அலுத்துப்போனவர்கள் கட்டுரையையே படமாக்கிப் போட்டார்கள். படத்துக்குள் போன எழுத்தை எந்தத் தேடுபொறியும் படிக்கவில்லை. அந்தக் காலத்தில் எழுதப்பட்ட லாவோ இணையத்தில் பெரும்பகுதி இப்படித்தான் கண்ணில் படாமல் போனது.

இதில் தமிழருக்கு ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 1993-இல் மார்க் டர்டின் என்பவர் விண்டோஸில் லாவோ தட்டச்சு செய்வதற்காகக் கீமேன் என்ற மென்பொருளை எழுதினார். பின்னால் அது எத்தனையோ மொழிகளுக்குப் பொதுக் கருவியானது. நம்மில் பலர் முதன்முதலாகத் தமிழ் தட்டிய எ-கலப்பையின் ஆரம்பப் பதிப்புகள் அந்தக் கீமேன் இயந்திரத்தின் மேல்தான் ஓடின. 2000-களின் தொடக்கத்தில் எ-கலப்பையை நிறுவி ‘அம்மா’ என்று அடித்துப் பார்த்து மகிழ்ந்தேன். லாவோ எழுத்துக்காகச் செய்த ஒரு கருவியில்தான் அடிக்கிறேன் என்பது அப்போது தெரியாது. தெரிந்த நாளிலிருந்து லாவோவிடம் எனக்கு ஒரு கடன் இருப்பதாகவே நினைக்கிறேன். ஜான் டர்டின் உருவாக்கிய ‘லாவோ ஸ்கிரிப்ட் ஃபார் விண்டோஸ்’ என்ற தொகுப்பும் அதே காலத்தது. பழைய எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றவும், வரியைச் சரியான இடத்தில் மடக்கவும் பல வருடம் அதைத்தான் ஊரே நம்பியிருந்தது.

இன்னொரு முயற்சி வியஞ்சான் மாகாணத்தில் போன் காம் என்ற கிராமத்தில் நடந்தது. போரில் இடம்பெயர்ந்து வந்து குடியேறிய மக்கள். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. நெல் விற்கப் போகுமுன் சந்தை விலை தெரியவேண்டும், வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்களோடு பேசவேண்டும் என்பது அவர்கள் கேட்டது. ஜாய் என்ற அறக்கட்டளை இதைக் கையில் எடுத்தது. லாவோவில் அந்தச் சொல்லுக்கு ‘மனம்’ என்று பொருள். தூக்கிச் செல்லக்கூடிய முதல் தலைமுறைக் கணினியான ஆஸ்பர்னை வடிவமைத்த லீ ஃபெல்சென்ஸ்டைன் ஒரு கணினியை வடிவமைத்துக் கொடுத்தார். மிதிவண்டி மாதிரி மிதித்தால் பேட்டரி ஏறும், மலைமேல் சூரிய மின்சாரத்தில் ஓடும் இணைப்பு நிலையம் வழியாகக் கம்பியில்லாமல் இணையம் வரும். 2003-இல் அதைக் கிராமத்தில் இயக்கிக் காட்ட முயன்றார்கள். நினைத்தபடி முழுதாக நடக்கவில்லை.

ஆனால் அந்த முயற்சிக்காக நடந்த ஒரு வேலை நிலைத்தது. கிராமத்துக்காரருக்குத் திரையில் ஆங்கிலத்தைக் காட்டிப் பயனில்லை என்பதால் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் இடைமுகத்தை லாவோவில் மொழிபெயர்க்கத் தொடங்கினார்கள். அதை முன்னின்று செய்தவர் அனுசாக் சுபாவன். ‘கோப்பு’, ‘சேமி’, ‘திற’ போன்ற சொற்களுக்கு லாவோவில் என்ன சொல்வது என்று உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தீர்மானிக்கிற வேலை. தமிழ்க் கணிமையில் அதைச் செய்தவர்களுக்குத் தெரியும், ஒரு சொல்லுக்கு ஒரு வாரம் சண்டை நடக்கும்.

2004 முதல் பான் லோக்கலைசேஷன் என்ற ஆசியத் திட்டம் ஓடியது. கனடாவின் நிதி, லாகூரிலிருந்து ஒருங்கிணைப்பு. லாவோஸும் இலங்கையும் அதில் ஒன்றாக இருந்தன. அரசும் தன் பங்குக்கு ஃபெட்சராத் என்ற யூனிகோடு எழுத்துருவை நாட்டுக்குப் பொதுவாக அறிவித்தது. அலுவலகங்கள் அதற்கு மாற மாற, புதிய ஆவணங்களாவது தேடக்கூடியவையாக வரத் தொடங்கின. பழைய ஆவணங்கள் அப்படியே தங்கிவிட்டன. என்னிடம் வந்த கோப்பு அந்தப் பழைய குவியலில் ஒன்று.

இடைவெளி இல்லாத வரி

லாவோவில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுவதில்லை. வாக்கியமோ சொற்றொடரோ முடிந்தால்தான் ஒரு இடைவெளி. நம் பழைய ஓலைகளும் அப்படித்தான் இருந்தன. இன்றைய தமிழ் வாக்கியம் ஒன்றை அப்படி எழுதிப் பாருங்கள்: ‘அவர்நேற்றுவந்துபலகைகேட்டார்’. பல கை கேட்டாரா, பலகை கேட்டாரா? மனிதருக்கே ஒரு நொடி ஆகிறது. நம் இலக்கணத்தில் பொதுமொழி என்பார்களே, ‘தாமரை’யைத் தா மரை என்றும் பிரிக்கலாம் என்று, அந்தச் சிக்கல் லாவோவில் ஒவ்வொரு வரியிலும் கணினிக்கு வருகிறது.

இதனால் என்ன கெடும் என்பதற்குச் சாதாரணமான ஒரு காட்சி. பழைய உலாவியில் லாவோ பத்தி ஒன்றைத் திறந்தால், உலாவிக்கு அது ஒரே நீளச் சொல். எங்கே மடக்குவது என்று தெரியாமல் வரி வலப்பக்கம் திரையைத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும். அல்லது கண்ட இடத்தில் வெட்டும். கொம்பு மேல் வரியிலும் அதன் மெய்யெழுத்து கீழ் வரியிலுமாகத் தொங்கும். சரியாக மடக்க அகராதி வேண்டும், அகராதிக்குச் சொற்பட்டியல் வேண்டும், அதை யாராவது திரட்டித் தரவேண்டும். அது நடந்து உலாவிகளுக்குள் போய்ச் சேரும்வரை தளம் நடத்தியவர்கள் சொற்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகல இடைவெளியைக் கையாலேயே போட்டார்கள். வரி மடிந்தது. ஆனால் ஒரே சொல் சில இடத்தில் அந்தக் குறியோடும் சில இடத்தில் இல்லாமலும் நின்றதால் தேடல் இன்னொரு பக்கத்திலிருந்து கெட்டது.

அகரவரிசைக்கும் இதே கதி. தாய்லாந்து 1986-இல் வகுத்த குறியாக்கத்தில் கொம்பு கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே, மெய்யெழுத்துக்கு முன்னால் சேமிக்கப்பட்டது. யூனிகோடு தாய்லாந்து மொழிக்கு அதையே ஏற்றது, லாவோவுக்கும் அதையே வைத்தது. தமிழில் நாம் பார்க்கிறபோது கொம்பு முன்னால் நின்றாலும் சேமிப்பில் மெய்தான் முதலில். ‘மேகம்’ தானாகவே மகர வரிசையில் போய் உட்காரும். லாவோவில் நகரத்தைக் குறிக்கும் ‘முவாங்’ என்ற சொல் கொம்பில் தொடங்குகிறது. அகராதியில் மகரத்தில் வரவேண்டும். கணினி அப்படியே வரிசைப்படுத்தினால் கொம்பில் தொடங்கும் சொற்கள் எல்லாம் கடைசியில் ஒரே கூட்டமாகக் குவிந்துவிடும். முன்னால் இருப்பதைப் பின்னால் மாற்றிவைத்து வரிசைப்படுத்த தனியாக விதி எழுத வேண்டியிருந்தது. எந்த ஏற்பாடு மேல் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. தட்டச்சு செய்பவருக்கு லாவோ வழி இயல்பானது. நிரல் எழுதுபவருக்குத் தமிழ் வழி நிம்மதி.

மழை எழுத்தும் நெருப்பு எழுத்தும்

லாவோவில் ‘ஃப’ ஒலிக்கு இரண்டு எழுத்து. ஒன்று உயர் வகுப்பு, மற்றது தாழ் வகுப்பு. எந்த வகுப்பு என்பதை வைத்துத்தான் அந்த அசையை எந்தச் சுரத்தில் சொல்வது என்பது தெரியும். பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகையில் உயர்ந்ததற்கு ‘ஃபோன்’, அதாவது மழை. தாழ்ந்ததற்கு ‘ஃபாய்’, நெருப்பு. யூனிகோடு அட்டவணையில் உயர் எழுத்துக்குத் ‘தாழ்’ என்றும் தாழ் எழுத்துக்கு ‘உயர்’ என்றும் பெயர் மாற்றி எழுதிவிட்டார்கள். ‘ல’, ‘ர’ இரண்டின் பெயர்களும் அதேபோல் இடம் மாறின. ஒருமுறை வெளியான பெயரைத் திருத்துவதில்லை என்பது யூனிகோடின் கொள்கை. எனவே பிழையான பெயர் அப்படியே இருக்கிறது, பக்கத்தில் திருத்தப் பெயர் துணையாக நிற்கிறது. மழையையும் நெருப்பையும் எந்த லாவோ குழந்தையும் குழப்பாது. அட்டவணை தயாரான அறையில் லாவோ படித்த ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்கவில்லை என்றுதான் இதைப் படிக்கிறேன்.

அந்த ‘ர’வுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1975-இல் ஆட்சி மாறியபின் பேச்சில் ‘ர’ ஒலி இல்லை என்று சொல்லி எழுத்திலிருந்தும் விலக்கினார்கள். எல்லாம் ‘ல’ ஆனது. பிற்காலத்தில் வெளிநாட்டுப் பெயர்களுக்காக அது மெல்லத் திரும்பியது. விளைவு, ஒரே பெயருக்கு இரண்டு எழுத்துமுறை; புலம்பெயர்ந்தோர் எழுதும் பழைய முறையையும் சேர்த்தால் இன்னும் கூடுதல்.

பாலி மொழியின் கதை இன்னும் நீளம். 1930-களில் மகா சிலா விரவோங் என்ற அறிஞர், பௌத்த நூல்களைப் பாலியில் பிழையின்றி எழுத லாவோ எழுத்தில் போதிய மெய்கள் இல்லையென்று சில எழுத்துகளைப் புதிதாகச் சேர்த்தார். நாம் வடசொல்லுக்குக் கிரந்தம் வைத்துக்கொண்டது போல. பொதுவழக்கில் அவை நிலைக்கவில்லை, ஆனால் அவற்றில் அச்சான நூல்கள் இருந்தன. அந்த நூல்களைக் கணினியில் ஏற்ற எழுத்தே இல்லை. 2019-இல் வெளிவந்த யூனிகோடு 12-ஆம் பதிப்பில்தான் பாலிக்காக 15 குறிகள் லாவோ பட்டியலில் சேர்ந்தன.

முகவரி யாருக்கு?

லாவோஸின் இணைய முகவரி ‘டாட் எல்ஏ’. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் சுருக்கமும் அதுவே என்பதால் அந்த முகவரியை அமெரிக்கச் சந்தையில் விற்றார்கள். ஃபயர்பாக்ஸ் உலாவியைத் தருகிற மொசில்லா தன் குறுமுகவரிக்கு அதைத்தான் வைத்திருக்கிறது. ‘டாட் எல்ஏ’ தளங்களை எண்ணி லாவோ இணையம் வளர்கிறது என்று சொன்னால் தவறாகிவிடும். பலவற்றில் லாவோ எழுத்து ஒன்றுகூட இருக்காது. லாவோ எழுத்திலேயே ‘லாவ்’ என்று முடியும் முகவரி 2020-இல் கிடைத்தது. சிங்கப்பூர், இலங்கை, இந்தியா மூன்றுக்கும் தமிழ் எழுத்து முகவரி அதற்குச் சுமார் பத்து வருடம் முன்பே வந்துவிட்டது. எத்தனை பேர் பயன்படுத்துகிறோம் என்பது நமக்கே தெரியும், அதனால் இதில் அதிகம் எதிர்பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

கைப்பேசி வந்தபிறகு

சரி, மக்கள் எப்போது எழுதத் தொடங்கினார்கள்? மேசைக் கணினிக் காலத்தில் இல்லை. கைப்பேசி வந்தபிறகுதான். ஆண்ட்ராய்டில் ஆரம்பத்தில் லாவோ கட்டம் கட்டமாகத் தெரிந்தது. தமிழும் அப்படித்தான் தெரிந்தது, மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது இளைஞர்கள் லாவோவை ஆங்கில எழுத்தில் அடித்தார்கள். காராஓகே திரையில் பாடல் வரி ஓடுகிற மாதிரி இருப்பதால் அதற்குக் ‘காராஓகே மொழி’ என்றே பெயர். நம் தங்கிலீஷ் மாதிரிதான். எழுத்துருவும் விசைப்பலகையும் கைப்பேசிக்குள் வந்துசேர்ந்ததும் சொந்த எழுத்து திரும்பியது. 2012 செப்டம்பரில் கூகுள் மொழிபெயர்ப்பிலும் லாவோ சேர்ந்தது.

ஆனால் அந்த நேரத்தில் இணையம் என்றாலே லாவோஸில் ஃபேஸ்புக் என்று ஆகிவிட்டிருந்தது. தமிழில் வலைப்பதிவுக் காலம் என்று ஒன்று இருந்தது. யாஹூ குழுமங்களிலிருந்து வலைப்பதிவுக்கு வந்து, அங்கே பத்து வருடம் எழுதிக் குவித்தபிறகுதான் ஃபேஸ்புக் வந்தது. அந்தப் பத்து வருட எழுத்து இன்றும் தேடினால் கிடைக்கிறது. லாவோ நேராகக் கடைசிப் படியில் கால் வைத்தது. செய்தி, வியாபாரம், வேலை அறிவிப்பு, கவிதை, சமையல், வீடு விற்பனை எல்லாம் ஃபேஸ்புக் பக்கங்களில். தோலாகோங் போன்ற செய்திப் பக்கங்கள் பரபரப்பானவை. பழைய நாளிதழ்களின் இணையதளத்துக்குப் போகாதவர்கூட அங்கே நிற்பார்கள். கடைக்காரருக்குத் தளம் கட்டக் காசு வேண்டும், பராமரிக்க ஆள் வேண்டும், பக்கம் தொடங்க ஐந்து நிமிடம் போதும். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இன்று எழுதியது அடுத்த வாரம் அடியில் போய்விடும், வெளியிலிருந்து எந்தத் தேடுபொறியும் அதைத் தோண்டி எடுக்காது.

எழுதத் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லாமல் இந்த ஆய்வு முழுமையாகாது. 2014 செப்டம்பரில் 327-ஆம் எண் ஆணை வந்தது. ஆளும் கட்சியையும் அரசையும் பற்றித் தவறான தகவல் என்று கருதப்படுவதை இணையத்தில் பரப்புவது குற்றம். கணக்குகளில் உண்மைப் பெயர் இருக்கவேண்டும். 2017-இல், ஃபேஸ்புக்கில் அரசை விமர்சித்த மூன்று தொழிலாளர்களுக்குப் பன்னிரண்டு முதல் இருபது வருடம்வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2019-இல் தெற்கே வெள்ளம் வந்தபோது அரசின் நிவாரணம் தாமதமானதைக் கேட்டுக் காணொளி போட்ட ஒரு பெண்ணுக்கு ஐந்து வருடம். வெள்ளத்தில் தவிக்கும் மக்களுக்காகப் பேசியதற்கு ஐந்து வருடம் என்பதைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு மொழியில் பொதுவிஷயத்தைப் பற்றிய கட்டுரைகள் குறைவாக இருக்கின்றன என்றால் எழுத்துருவை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பாட்டும் சிரிப்பும் அழகுக் குறிப்பும் பெருகி, ஊர் விஷயம் வற்றியிருப்பதற்குப் பயமும் ஒரு காரணம்.

வெளியிலிருந்து லாவோவில் அன்றாடம் செய்தி எழுதிய வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா, ரேடியோ ஃப்ரீ ஆசியா ஆகியவற்றின் லாவோ சேவைகள் 2025-இல் அமெரிக்க அரசு நிதியை நிறுத்தியதில் முடங்கின. அவற்றின் அரசியல் எதுவாகவும் இருக்கட்டும். திறந்த இணையத்தில் தேதியோடும் தலைப்போடும் சீரான லாவோ உரைநடை தினமும் வந்துகொண்டிருந்த இடங்களில் இரண்டு நின்றுபோயின.

எவ்வளவு இருக்கிறது

2019-இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் சுமார் நூறு மொழிகளுக்கான ஒரு மொழி மாதிரியைப் பயிற்றுவித்தார்கள். எக்ஸ்எல்எம்-ஆர் என்று பெயர். அதற்காகத் திறந்த வலையிலிருந்து வடிகட்டி எடுத்த உரையின் அளவு வெளியிடப்பட்டது. தாய்லாந்து மொழியில் 71 ஜிபிக்கு மேல். தமிழில் 12 ஜிபி. லாவோவில் 0.6 ஜிபி. லாவோவின் ஒவ்வோர் எழுத்துக் குறிக்கும் மூன்று பைட் ஆகும் என்பதால் அந்த 0.6 ஜிபி ஏறக்குறைய 21 கோடிக் குறிகள். நான் போட்ட தோராயக் கணக்கில் முந்நூறு பக்கப் புத்தகமாக அடுக்கினால் ஐந்நூறைத் தொடாது. ஒரு நாட்டின் பொது மொழி, திறந்த வலையில் திரட்டியபோது இரண்டு மூன்று அலமாரிக்குள் அடங்கியது. விக்கிப்பீடியாவிலும் இதே விகிதம்தான்: தாய், தமிழ் இரண்டிலும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டுரைகள், லாவோவில் சுமார் ஐந்தாயிரம்.

இதற்கு நடுவில் உருப்படியாக நடந்தவையும் உண்டு. 2012-இல் வந்த சட்டமியற்றல் சட்டம், அரசிதழில் வெளியிட்டால்தான் ஒரு சட்டம் நடைமுறைக்கு வரும் என்றது. வரைவுகளை 60 நாள் மக்கள் கருத்துக்கு வைக்கவும் சொன்னது. அதையொட்டி வந்த மின்னரசிதழில் சட்டங்கள் லாவோவில் ஒரே இடத்தில் சேர்கின்றன. என்னைக் கேட்டால் லாவோ இணையத்துக்கு எந்த எழுத்துருவையும்விட இந்த ஒரு விதி அதிகம் செய்திருக்கிறது. யாரையும் ஆர்வத்தால் எழுதச் சொல்லவில்லை. போட்டே ஆகவேண்டும் என்றது. பள்ளிகள் கொரோனாவால் அடைபட்டிருந்த 2021-இல் கல்வி அமைச்சகமும் யுனிசெஃபும் ‘காங் பன்யா லாவ்’ என்ற கற்றல் தளத்தைத் தொடங்கின. அறிவுக் கருவூலம் என்று பொருள். ‘பன்யா’ பாலியின் பஞ்ஞா, நாம் பிரக்ஞை என்பது.

இவற்றைவிட என் மனதுக்கு நெருக்கமானது லாவோ சுவடிகளின் மின்னூலகம். 1992 முதல் ஜெர்மன் உதவியோடு நாடு முழுக்க எண்ணூறுக்கும் மேற்பட்ட விகாரைகளில் பெட்டிகளைத் திறந்து ஓலைகளைத் துடைத்து, பட்டியலிட்டு, சுமார் 12,000 நூல்களை நுண்படம் எடுத்தார்கள். 2009-இல் அந்தப் படங்கள் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் ஏறின. ஓலையின் துளை, ஓரத்துக் கறை, எழுத்தாணிக் கீறலில் தேய்த்த கரி வரை தெரியும். உ.வே.சா. காலத்திலிருந்து ஓலை தேடிய கதைகளைக் கேட்டு வளர்ந்த யாருக்கும் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும். ஆனால் அவை படங்கள். சமய நூல்களில் பெரும்பாலானவை தாம் என்ற வேறொரு எழுத்தில் இருக்கின்றன; அந்த எழுத்து யூனிகோடுக்குள் வந்ததும் அதே 2009-இல்தான். யாராவது உட்கார்ந்து தட்டச்சு செய்யாதவரை உள்ளே இருக்கும் ஒரு வரியைக்கூடத் தேட முடியாது.

அந்தக் கோப்பு

இரட்டைக் கொம்பைச் சரிசெய்ய ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஒற்றைக் கொம்பு இரண்டு அடுத்தடுத்து வந்தால் இரட்டையாக்கு, அவ்வளவுதான். லாவோவில் இரண்டு ஒற்றைக் கொம்பு அடுத்தடுத்து வர வாய்ப்பில்லை என்பதால் தைரியமாகச் செய்யலாம். திருத்திய கோப்பைப் பார்க்க வியஞ்சானிலிருந்து ஒரு அம்மா மெய்ப்புத் திருத்துநராக வந்தார். இரண்டு நாளில் படித்து முடித்து, நான் கவனிக்காத வேறு சில பிழைகளையும் குறித்து அனுப்பினார். அப்புறம், வேலைக்குச் சம்பந்தமில்லாமல், அந்த நிரல் தனக்கும் கிடைக்குமா என்று கேட்டார்.

பள்ளிப் பிள்ளைகளுக்காக அவர் பல வருடமாக எழுதிவைத்த கதைகள் ஒரு கோப்புறை நிறைய இருந்தன. எல்லாம் பழைய எழுத்துருவில், புதுக் கணினியில் திறந்தால் குப்பையாகத் தெரிகிறவை. ஒவ்வொன்றாக அனுப்பினார், மாற்றி அனுப்பினேன். நாற்பது கதை தாண்டியதும் இவற்றை எங்கே போடலாம் என்று கேட்டார். ஃபேஸ்புக்கில் போட்டால் மூன்று நாள் விருப்பக்குறி விழும், பிறகு யாரும் தேடி எடுக்க முடியாது என்று அவரே சொன்னார். தளம் ஒன்று போடலாம் என்றேன்; பக்கத்தை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டார். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். இப்போதைக்கு அவர் வன்தட்டில் ஒரு பிரதி, என் வன்தட்டில் ஒரு பிரதி.